இடது பக்கம் கண்ணாடி இல்லாத கார்

பெட்ரோல் பம்பின் மேல் ஈரத்துணியைப் போட்டாயிற்று, இனி அது ஆறும் வரைக்கும் செய்ய ஒரு சோலியும் இல்லை, சும்மா நிற்க வேண்டியதுதான், அந்தச் சும்மா நிற்பதுதான் தெய்வசிகாமணிக்குப் பிறவியிலேயே ஆகாத காரியம். குன்னூர் மலைப்பாதையில் பாதி தூரம் ஏறிய பிறகு அவருடைய அறுபத்து மூன்றாம் வருஷத்து ஃபியட் மூச்சு முட்டி நின்றுவிட்டது. புதுசாக ஒன்றும் இல்லை. வெயிலில் மேடு ஏறினால் பம்புக்குள்ளேயே பெட்ரோல் சூடாகி ஆவியாகிவிடும், இன்ஜின் திணறி நின்றுபோகும், துணியை நனைத்துப் போட்டுக் கொஞ்சம் பொறுத்தால் ஒன்றுமே நடக்காத மாதிரி கிளம்பும். பழைய கார் வைத்திருப்பவர்கள் யாரும் இதற்குப் பதறமாட்டார்கள், பிள்ளைக்குச் சளி பிடித்த கதைதான். வருஷா வருஷம் கோயம்புத்தூர்ப் பழைய கார்க்காரர்கள் சேர்ந்து குன்னூருக்குப் போய்வரும் இந்த ஓட்டத்தில் வழியில் நிற்காத காருக்குத்தான் மரியாதை குறைவு. ஆனால் இன்றைக்கு அவருடைய கவலை பம்ப் இல்லை. கீழே, இரண்டு வளைவுக்கு முன்னால், இடது பக்கம் ஒரு சத்தம் கேட்டது. சர்ரக் என்று ஒரு சத்தம். அவ்வளவுதான். அது என்ன சத்தம் என்று அவருக்குத் தெரியாது. தெரியாததற்குக் காரணம் தெரியும். இடது பக்கம் கேட்பதெல்லாம் அவருக்கு இப்போது காதோடு சரி, கண்ணுக்கு வருவதில்லை. உள்ளே உட்கார்ந்திருக்கும் வசந்தாமணியிடம் அது என்ன சத்தம் என்று ஒரு வார்த்தை கேட்டால் தீர்ந்தது, கட்டின பெண்டாட்டிதானே, கேட்கலாம். கேட்டால், ஏனுங்க, நீங்க பாக்கலையா என்பாள். அதற்கு என்ன பதில் சொல்வது. அதனால் தூக்கி நிறுத்திய பானெட்டுக்குப் பின்னால் நின்றுகொண்டு துணியைத் தொட்டுத் தொட்டுப் பார்த்தார், சூடாக இருந்தது, மறுபடி தொட்டார்.

ஒரு ஸ்டாண்டர்டு ஹெரால்டு ஏறி வந்து வேகத்தைக் குறைத்தது, ஓட்டியவர் தலையை நீட்டி, "என்னுங்கண்ணா, பம்ப்பா? நிக்கட்டுமா?" என்றார். "பம்ப்புதான். நீ போ, நிறுத்தீட்டீன்னா உன்னுதும் எந்திரிக்காது," என்று சிகாமணி சிரித்தார், சிரிப்பு நன்றாகத்தான் வந்தது, அது எப்படித்தான் வருகிறதோ. ஹெரால்டு போய்விட்டது. அதன் பின்னால் ஒரு அம்பாசடர், அதற்குப் பின்னால் கேமராவைத் தூக்கிக்கொண்டு பைக்கில் இரண்டு இளவட்டங்கள், அவர்களும் நின்று படம் எடுத்துக்கொண்டார்கள், காரை மட்டும் அல்ல, திறந்த பானெட்டோடு அவரையும் சேர்த்து. காலையில் மேட்டுப்பாளையத்தில் டீ குடிக்க நிறுத்தியபோதும் இப்படித்தான் கூட்டம். எங்கே நிறுத்தினாலும் யாராவது ஒருத்தர் வந்து மட்கார்டைத் தடவிக்கொண்டே, எங்க பெரியப்பாகிட்ட இதே கலர்ல ஒண்ணு இருந்துச்சுங்க என்று ஆரம்பிப்பார், பெரியப்பா அதில் யார் யாரை ஏற்றிக்கொண்டு எந்தெந்தக் கல்யாணத்துக்குப் போனார் என்று கதை நீளும், கடைசியில் கண்ணைத் துடைத்துக்கொள்பவர்களும் உண்டு. இந்தக் காரை யாரும் பார்ப்பதில்லை என்பது சிகாமணிக்கு ரொம்ப நாளாகத் தெரியும். அவரவர் வீட்டில் இருந்து போனவர்களைப் பார்க்கிறார்கள். ஏசி கிடையாது, பெல்ட் கிடையாது, முன்கதவு உலகத்துக்கு எதிராக முன்னாலிருந்து பின்பக்கம் திறக்கும், ஆனாலும் கல்யாணப் பெண்ணை இதில்தான் இறக்க வேண்டும் என்று ஒற்றைக்காலில் நிற்கிறார்கள். அந்தக் கதவு திறந்தால் சேலை கசங்காமல் ராணி மாதிரி இறங்கலாமாம். யானை படுத்தாலும் குதிரை மட்டம். யானை படுத்தால் சரி, யானைப்பாகனுக்குக் கண் போனால் எந்த மட்டம் என்று எவனும் பழமொழி சொல்லி வைக்கவில்லை.

கண் போகவில்லை. போய்விட்டது என்று டாக்டர் சொல்லவில்லை, இடது கண்ணில் போனது போனதுதான், வலது கண்ணையும் மிச்சத்தையும் காப்பாத்திக்கலாம் என்றுதான் சொன்னார். மிச்சம் என்கிற வார்த்தை நன்றாகவே இல்லை, சாப்பாட்டுக் கடையில் சொல்கிற வார்த்தை. கார்புரேட்டர் கேஸ்கெட் வாங்கிவருகிறேன் என்று வீட்டில் பொய் சொல்லிவிட்டுத்தான் கண் ஆஸ்பத்திரிக்குப் போனார், வலியே இல்லாமல் கண்ணுக்குள் அழுத்தம் ஏறி நரம்பைத் தின்றுவிட்டதாம், வலித்திருந்தால் அன்றைக்கே வந்திருப்பாரே, வலிக்காத வியாதியை மனிதன் எப்படிக் கண்டுபிடிப்பான். வண்டி ஓட்றீங்களா என்று டாக்டர் கேட்டார். எப்பவாச்சும் என்றார் சிகாமணி. அன்றைக்கு அந்த ஃபியட்டை ஓட்டிக்கொண்டுதான் போயிருந்தார். முப்பது வருஷம் பஞ்சு வியாபாரம், ஒரு பிடி பஞ்சை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்து இது இந்தச் சீமைப் பஞ்சு, இதில் தண்ணீர் தெளித்திருக்கிறார்கள் என்று சொல்லிவிடும் கண், மில்காரர்கள் காத்திருப்பார்கள், சிகாமணி பார்த்துட்டாரா என்று. இப்போது வலது கண்ணை மூடிக்கொண்டால் உலகத்தை ஊறின காகிதத்தில் சுற்றி வைத்த மாதிரி இருக்கிறது. வலது கண்ணைத் திறந்து வைத்திருக்கும் வரைக்கும் எல்லாம் சரியாகத்தான் தெரிகிறது, ரோடு தெரிகிறது, எதிரில் வரும் லாரி தெரிகிறது, இடது ஓரம் மட்டும் எங்கேயோ முடிந்துபோகிறது, முடிகிறது என்பதுகூடத் தெரிவதில்லை. அதுதான் பயம். இருட்டாக இருந்தாலாவது இங்கே எனக்குத் தெரியவில்லை என்று மனசுக்குத் தெரியும். இருட்டும் இல்லை, ஒன்றுமே இல்லை. ஒன்றுமே இல்லாத இடத்திலிருந்து சர்ரக் என்று ஒரு சத்தம்.

போய்ப் பார்த்துவிடலாம் என்று இடது பக்கம் நடந்தார். வசந்தாமணி நிமிர்ந்து பார்த்தாள், "ஆறீருச்சுங்களா?" என்றாள். "எங்க, இன்னும் கொதிக்குது," என்று சொல்லிக்கொண்டே டயரைப் பார்க்கிற மாதிரிக் குனிந்தார். முன்சக்கரத்துக்கு மேலே மட்கார்டில் புதுசாக ஒரு கீறல், ஒரு முழம் இருக்கும், பாலேடு நிறப் பெயின்ட் போய்த் தகரம் வெள்ளையாகத் தெரிந்தது. விரலால் தடவினார். நடுவில் கொஞ்சம் உள்வாங்கி இருந்தது. கல்லில் உரசினால் இப்படித்தான் இருக்கும். சுவரில் உரசினாலும் இப்படித்தான். கூடையில் உரசினால் எப்படி இருக்கும். இந்தக் கூடை எங்கிருந்து வந்தது. வந்தது, வந்திருந்தது. அந்த வளைவுக்கு முன்னால், தூரத்தில், இடது ஓரமாக ஒரு பொம்பளை தலையில் கூடையோடு மேலே நடந்துகொண்டிருந்தாள், சிவப்பு ஸ்வெட்டர், அவளை அவர் பார்த்தார், நன்றாகப் பார்த்தார். பிறகு வளைவு. பிறகு எதிரில் பஸ், பஸ்ஸுக்கு இடம் விட்டு இடது பக்கம் ஒதுக்கினார். பிறகு சத்தம். கண்ணாடியில் பின்னால் பார்த்தார், பஸ்ஸின் முதுகுதான் ரோட்டை அடைத்துக்கொண்டு தெரிந்தது. சிவப்பு ஸ்வெட்டரைப் பார்த்தார், அப்புறம் பார்க்கவில்லை. அவளைக் கடந்து போனோமா, எப்போது கடந்தோம்.

இடது பக்கம் ஒரு கண்ணாடி இருந்திருந்தால். இருந்தது. மகள் போன பொங்கலுக்கு பெங்களூரிலிருந்து வந்தபோது வாங்கிவந்து, மெக்கானிக்கைக் கூப்பிட்டு மாட்டியே விட்டுவிட்டுப் போனாள், அப்பா, ஊர்ல டிராஃபிக் முன்னமாட்ட இல்லை, இது இல்லாம எடுக்காதீங்க என்று. அவள் ரயில் ஏறின மறுநாளே சிகாமணி அதைக் கழற்றினார். அறுபத்து மூன்றில் கம்பெனியிலிருந்து வரும்போது இந்தக் காருக்கு இடது கண்ணாடி கிடையாது, கிடையாததை மாட்டினால் அது அலங்காரம், ஒரிஜினல் இல்லை, குன்னூரில் மார்க் போடுகிறவர்கள் முதலில் பார்ப்பதே அதைத்தான். ஒரு ஸ்க்ரூ மாறினாலும் கண்டுபிடித்துவிடுகிற கழுகுகள். மூன்று வருஷமாக ஒரிஜினல் காருக்கான கோப்பை அவர் வீட்டு ஷோகேஸில்தான் இருக்கிறது. ஓட்டை இரண்டையும் பட்டி வைத்து அடைத்து, தேய்த்து, அதே நிறத்தைக் கலந்து அவரே பூசினார், பூசின இடம் அவருக்கே தெரியவில்லை, அவ்வளவு நேர்த்தி. பெருமைப்பட்டுக்கொண்டார். காருக்கு இடது கண் இல்லாமல் இருந்தால்தான் ஒரிஜினல். அவருக்கு மட்டும் இடது கண் இருந்ததுதான் ஒரிஜினல், அதற்கு யார் மார்க் போடுவார்கள். தன் கண்ணைத் தானே ஸ்பேனர் வைத்துக் கழற்றிப் பரணில் போட்டவன் இந்த ஜில்லாவில் வேறு எவனாவது இருப்பானா என்று நினைத்ததும் அவருக்குத் தன் மேலேயே ஆத்திரம் வந்தது.

திரும்பிப் போய்ப் பார்க்கலாம். இரண்டு வளைவுதான், நடந்தே போய்விடலாம். போய்? ரோட்டோரத்தில் சிவப்பாக எதுவும் கிடக்காவிட்டால் நிம்மதியா? ஓரத்துக்கு அப்பால் பள்ளம், செடி, மரம், மரத்துக்குக் கீழே மரம். ஆள் விழுந்தால் கூச்சல் கேட்டிருக்காதா, பழம் உருண்டிருக்காதா, பின்னால் வந்த ஹெரால்டுக்காரன் பார்த்திருக்கமாட்டானா. பம்ப்பா என்றுதானே கேட்டான். வசந்தாமணி பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தாளே, ஒரு ஆளை இடித்திருந்தால் வாயை மூடிக்கொண்டு வருகிற ஆளா அவள். அவள்தான் மேட்டுப்பாளையத்திலிருந்து தொணதொணவென்று பேசிக்கொண்டே வந்தாளே. அப்போதுகூட ஏதோ சொன்னாள். அந்தம்மா கூடைல பலாப்பழமாட்ட இருக்குதுங்க என்றாள். சொன்னாள், நிச்சயம் சொன்னாள். ஆனால் எப்போது, சத்தத்துக்கு முன்னாலா, பின்னாலா? முன்னால் என்றால் ஒன்றும் ஆகாது. பின்னால் சொல்லியிருந்தால் அந்தப் பொம்பளை அப்புறமும் நடந்துகொண்டிருந்தாள் என்று அர்த்தம், உயிரோடு, கூடையோடு. பஸ் வந்தது, ஒதுக்கினார், சத்தம், பலாப்பழமாட்ட. அல்லது, பலாப்பழமாட்ட, பஸ், ஒதுக்கினார், சத்தம். இரண்டு விதமாகவும் மனசு ஓட்டிக் காட்டியது, இரண்டும் நிஜம் போலவே இருந்தது. அவள் பேச்சை அவர் கேட்டிருந்தால்தானே. ரேடியோ ஓடுகிற மாதிரி ஓடட்டும் என்று விட்டுவிட்டார், இரண்டு மாசமாகவே இப்படித்தான் வாய் ஓயாமல் வருகிறாள், முன்பெல்லாம் காரில் ஏறினால் தூங்கிவிடுவாள், வயசாக வயசாகப் பேச்சு கூடுகிறது என்று நினைத்துக்கொண்டார்.

சத்தத்திலிருந்து பின்னால் போய்ப் பார்க்கலாம், அவள் என்னென்ன சொன்னாள் என்று வரிசையாக எடுத்தால் எது முன்னால் எது பின்னால் என்று பிடிபட்டுவிடும். பலாப்பழத்துக்கு முன்னால் என்ன. இந்த ஓடைல தண்ணியே காணமுங்க, கைப்பிடிச் சுவரு இடிஞ்சு கெடக்குது என்றாள். அதற்கு முன்னால், குரங்கு குட்டியோட ரோட்லயே உக்காந்திருக்குது பாருங்க. அதற்கும் முன்னால், மேட்டுப்பாளையம் தாண்டும்போது, சைக்கிள்ல அந்தப் பையன் எத்தனை கரும்பு கட்டீருக்கிறான், இந்தப் பக்கமே ஒட்டி ஒட்டி வாறானுங்க. பாக்குத்தோப்பு கிட்டே, டெம்போக்காரன் லைட்டுப் போடாம நிறுத்தியிருக்கான். போன வாரம் காந்திபுரத்தில் சிக்னல் விழுந்தபோது, இந்தப் புள்ள ஸ்கூட்டில எவ்வளவு சின்னப் பொட்டு வெச்சிருக்குது, நம்ம பக்கத்துல வந்தே நின்னுட்டா. அந்தப் பொட்டு வைத்த பெண்ணை அவர் பார்க்கவே இல்லை. அவள் சொன்ன பிறகுதான் பிரேக்கிலிருந்து காலை எடுக்காமல் வைத்திருந்தார். ஓடை, சுவர், குரங்கு, சைக்கிள், டெம்போ, ஸ்கூட்டி. சிகாமணி பம்புக்குத் திரும்பி வந்து நனைத்து எடுத்த துணியிலிருந்து தண்ணீர் செருப்பின் மேல் சொட்டியது. எல்லாம் இடது பக்கம். வலது பக்கம் மலை முழுக்க மஞ்சளாகக் காட்டுப்பூ பூத்துக் கிடந்ததே, அதைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. பூ என்றால் உயிரை விடுகிறவள். ரெண்டு மாசமாக இந்த அம்மிணி வலது பக்கம் இருக்கும் எதைப் பற்றியுமே பேசவில்லை.

துணியை மறுபடி பம்பின் மேல் போட்டுவிட்டு, பானெட்டைச் சுற்றிக்கொண்டு அவள் பக்கத்து ஜன்னலுக்குப் போனார். கேட்க வேண்டியது அதுதான், அதைக் கேட்டுவிட்டால் மற்றதும் வெளியே வந்துவிடும், வரட்டும், மடியில் கனத்தோடு இனி ஒரு வளைவுகூட ஏற முடியாது. "வசந்தா," என்றார். "அந்த பஸ்சு வந்துதல்ல. அப்ப ஒரு சத்தம் கேட்டுது. அது என்ன?" கேட்டுவிட்டார். அவள் மடியில் இருந்த டிபன் டப்பாவை மூடியோடு பிடித்துக்கொண்டு அவரைப் பார்த்தாள், அந்த ஒரு மூச்சு நேரத்தில் சிகாமணி சிவப்பு ஸ்வெட்டரைப் பள்ளத்தில் பத்துத் தடவை பார்த்துவிட்டார். "கல்லுங்க," என்றாள் வசந்தாமணி. "ரோட்டோரத்துல வெள்ளையடிச்சு நட்டு வெச்ச கல்லு. நான் சொல்றதுக்குள்ள ஒரசீட்டீங்க."

"கூடைக்காரம்மா?"

"அவ அப்பவே சொவத்து மேல ஏறி நின்னுட்டா. பஸ்சுக்குப் பயந்துட்டு. நம்மளப் பாத்துச் சிரிச்சா, நானும் சிரிச்சேன். கூடைல பலாப்பழமாட்ட இருக்குதுன்னு கல்லுல ஒரசுனதுக்கு அப்பறந்தான உங்ககிட்டச் சொன்னேன்."

பின்னால். சத்தத்துக்குப் பின்னால்தான். சிகாமணி கதவைப் பிடித்துக்கொண்டு நின்றார், அழுகை வந்தது, ரோட்டில் போகிற ஆளுக்குத் தெரியாத அளவுக்கு அழுதார். நான் சொல்றதுக்குள்ள என்றாளே. அப்படியென்றால் சொல்வதுதான் அவள் வேலையாக இருந்திருக்கிறது. "உனக்கு எப்பத் தெரியும்," என்று கேட்டார், எது என்று சொல்லவில்லை. அவளும் எது என்று கேட்கவில்லை, டிபன் டப்பாவைத் திறந்தாள். உள்ளே இட்லி இல்லை. பம்புக்குப் போட அவள் கிழித்துக்கொடுத்த அதே பழைய வேட்டியின் இன்னொரு துண்டு, நனைத்துச் சுருட்டி வைத்திருந்தது, அதைப் பிரித்தால் உள்ளே கண் டாக்டர் அவருக்குக் கொடுத்த சொட்டு மருந்துக் குப்பி. டேஷ்போர்டில் பிளக் ஸ்பேனருக்குப் பின்னால் ஒளித்து வைத்திருந்தாரே, முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்தாரே, அந்தக் குப்பி. "இதச் சூட்டுல வெக்கக் கூடாதுன்னு அட்டையிலயே போட்டிருக்குதுங்க," என்றாள். "டேஷ்போர்டுக்குள்ள அடுப்பாட்டக் காயுது. நீங்களாச் சொல்லுவீங்கன்னு இருந்தேன். சொல்ற வரைக்கும் நாம்பளே பாத்துக்கலாம்னு இருந்தேன். இன்னைக்கு அந்தக் கல்லப் பாத்தொடனே எனக்கே பயமாப் போச்சு. கல்லுங்கறதால அதப் பத்தி வாயத் தொறக்கல. ஆளா இருந்திருந்தா?"

சிகாமணி போய்ப் பம்பைத் தொட்டார், ஆறியிருந்தது, துணியை எடுத்துப் பிழிந்தார், பானெட்டை இறக்கி அமுக்கி மூடினார். அது மூடினதும் முன்கண்ணாடி வழியாக உட்காரும் இடம் முழுசாகத் தெரிந்தது, நடுவில் இடைவெளி இல்லாத ஒரே நீளச் சீட்டு, அதில் அவருடைய இடம் காலியாக இருந்தது. குன்னூரில் எல்லாரும் நிற்பார்கள். சிகாமணி இடது பக்கம் இறங்குகிறாரே என்று பார்ப்பார்கள், கீறலைப் பார்ப்பார்கள், கோப்பை போகும், போகட்டும் என்று சொல்ல அவருக்கு நெஞ்சு வரவில்லை, போனால் வலிக்கும்தான். ஆனாலும் வலது பக்கக் கதவுக்கு அவர் போகவில்லை. "நகுந்து அந்தப் பக்கம் உக்காரு," என்றார்.

"ஸ்டியரிங்கோட இருக்கற இந்தக் கை கியர் எனக்கு வராதுன்னீங்க. கியர்ப் பல்லு ஒடஞ்சுரும்னு அன்னைக்கு எறக்கி உட்டீங்க."

"சொன்னேன்."

"நீங்க காச்சல்ல ஒரு மாசம் கெடையாக் கெடந்தப்ப பேட்டரி எறங்காம தெனமும் இத லே-அவுட்டச் சுத்தி ஓட்டுனது ஆருன்னு நெனச்சீங்க," என்றாள் வசந்தாமணி, சொல்லிக்கொண்டே டப்பாவைச் சீட்டில் வைத்துவிட்டுச் சேலையை ஒதுக்கி நகர்ந்து நகர்ந்து ஸ்டியரிங்குக்குப் பின்னால் போய் உட்கார்ந்துவிட்டாள். கோத்தகிரியில் இருக்கும் தங்கச்சி வீட்டுக்குத் தன் சின்னக் காரில் மாசம் ஒரு தடவை மலை ஏறி இறங்குகிறவள், மலை அவளுக்குப் பயமில்லை. குளிர்ந்த இன்ஜினைக் கிளப்ப இழுக்கும் சோக்கை அவள் தொடவில்லை, சூடான இன்ஜினுக்கு இழுக்கக் கூடாது என்று அவர் சொல்ல வாயெடுத்தார், அவளுக்குத் தெரிந்திருந்தது. இரண்டாவது தடவையில் பிடித்துக்கொண்டது. அவள் பிரேக்கை மிதித்துக்கொள்ள, அவர் பின்சக்கரத்துக்கு முட்டுக் கொடுத்திருந்த கல்லை எடுத்து, வருகிறவர்கள் ஏற்றிவிடாதபடி ஓரத்தில் கொண்டுபோய்ப் போட்டார். கை துடைத்துக்கொண்டு இடது கதவைத் திறந்து ஏறினார். இந்தச் சீட்டில் அவர் உட்கார்ந்ததே இல்லை. இங்கிருந்து பார்த்தால் பானெட் வேறு மாதிரி இருந்தது, தன் காராகவே தெரியவில்லை.

வலது பக்கம் திரும்பினார். அவர் ஓட்டும்போது அவள் எப்போதும் இடது பக்கம் இருந்தாள். ஒன்றுமே இல்லாத அந்தப் பக்கத்தில்தான் இரண்டு மாசமாக அவளும் இருந்திருக்கிறாள், குரலாக மட்டும், அதை அவர் கவனிக்கவே இல்லை. இப்போது முழுசாகத் தெரிந்தாள். வலது கண் நன்றாகத்தான் இருக்கிறது. கன்னம் ஒட்டியிருந்தது, காதோரத்தில் முடி முழுக்க வெளுத்துவிட்டது, தோட்டுக்குப் பதில் வேப்பங்குச்சி செருகியிருந்தாள், காது புண்ணாகியிருக்க வேண்டும், தோட்டை எப்போது கழற்றினாள், கண்ணுக்குக் கீழே தூக்கம் கெட்டவர்களுக்கு வருகிற கறுப்பு. கீழ் உதட்டைக் கடித்துக்கொண்டு நேரே ரோட்டைப் பார்த்திருந்தாள். கிளட்சை விடாமல், "ஏனுங்க," என்றாள், "இங்க இருந்து எனக்கு ஓரம் தெரியல. எடது பக்கம் என்ன இருக்குதுங்க?" சிகாமணி ஜன்னலில் தலையை வெளியே நீட்டி, கழுத்தை நன்றாகத் திருப்பி, மேலிருந்து கீழ் வரைக்கும் பார்த்தார்.

"ஒண்ணும் இல்ல," என்றார். "கல்லு ஒண்ணு இருக்குது, தூரத்துல. வா, நான் சொல்றேன்."